உப்பும் கற்கண்டும்: ஒளியின் நிறத்தை மாற்றும் படிகங்கள்

பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடம் நடத்தும்போது உப்பையும் சர்க்கரையையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே அருகில் இருக்கும் பொருள்கள். மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் வற்றி உப்பாகிறது. முண்டியம்பாக்கம் ஆலையில் கரும்புச் சாறு சர்க்கரையாகிறது. மேல்மலையனூர்ப் பக்கம் வயலுக்குச் செல்லும் யூரியா மூட்டையையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். வேப்பெண்ணெய்ப் பூச்சை நீக்கிவிட்டால் அதுவும் வெண்ணிறப் படிகப் பொருள்தான்.

மூன்றும் வெள்ளை, மூன்றும் நீரில் கரைபவை, மூன்றும் படிகங்கள். ஆனால் ஆய்வகத்தில், கண்ணுக்குத் தெரியாத வலிமையான அகச்சிவப்பு லேசர் துடிப்பை இவற்றின் தூள்மீது பாய்ச்சினால் வேறுபாடு வெளிப்படும். யூரியா பச்சை ஒளியை உமிழும். சர்க்கரையும் அவ்வாறே, சற்றுக் குறைவாக. உப்பில் அப்படி எதுவும் தெரியாது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, இத்தகைய படிகங்களை எப்படி வளர்க்கிறார்கள், வளர்ந்தது என்ன என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்பவற்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் பரவலாக நடக்கும் ஆய்வு இது. நம் மாணவர்களில் சிலர் நாளை முதுகலையிலோ முனைவர் பட்டத்திலோ இதே வேலையைச் செய்யக்கூடும். அதற்கான பழக்கங்கள் பள்ளியில் தொடங்குகின்றன.

நிறம் எப்படி மாறுகிறது?

சாதாரணமாக, ஒரு கண்ணாடியின் வழியே சிவப்பு ஒளியைச் செலுத்தினால் மறுபுறம் சிவப்பு ஒளியே வரும். ஒளியின் மின்புலம் பொருளிலுள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. எலக்ட்ரான்கள் அதே அதிர்வெண்ணில் ஆடி, அதே நிற ஒளியைத் திருப்பித் தருகின்றன. புலம் இரண்டு மடங்கானால் ஆட்டமும் இரண்டு மடங்காகும். இதை நேரியல் நடத்தை என்கிறோம்.

திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைக் குறைவாக வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பாடியவர் பாடாத கரகரப்பும் சேர்ந்து வரும். உள்ளே செலுத்தாத அதிர்வெண்கள் வெளியே வருகின்றன. ஒளியிலும் இப்படி நடக்கிறது. மின்புலம் மிக வலிமையாகும்போது எலக்ட்ரானின் ஆட்டத்தில் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்த ஒரு பகுதியும் சேர்கிறது. இதுவே நேரியல் அல்லாத ஒளியியலின் அடிப்படை.

வர்க்கம் சேர்ந்தால் அதிர்வெண் ஏன் இரட்டிப்பாகிறது? கரும்பலகையில் ஓர் அலையை வரையுங்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம். அதன் ஒவ்வொரு புள்ளியையும் வர்க்கப்படுத்துங்கள். மேடு மேடாகவே இருக்கும். பள்ளத்திலுள்ள எதிர்மறை எண்கள் நேர்மறையாகி அதுவும் மேடாகும். ஓர் அலை இருந்த இடத்தில் இப்போது இரண்டு மேடுகள். அதாவது அதிர்வெண் இருமடங்கு, அலைநீளம் பாதி. இதற்கு இரண்டாம் சீரிசை உருவாக்கம் என்று பெயர். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி 532 நானோமீட்டர் பச்சை ஒளியாவது இப்படித்தான். கடைகளில் கிடைக்கும் பச்சை லேசர் சுட்டிகள் பலவற்றின் உள்ளே இந்த வேலையைச் செய்யும் சிறு படிகம் ஒன்று இருக்கிறது.

இதற்கு மிக வலிமையான ஒளி தேவை என்பதால், லேசர் வரும்வரை இது நடைமுறையில் சாத்தியப்படவில்லை. 1960இல் தியோடர் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் உடன் பணியாற்றியவர்களும் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, 347.2 நானோமீட்டரில் மிக மங்கலான புறஊதா ஒளியைப் பதிவு செய்தார்கள். ஒளிப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளி. கட்டுரை இதழில் வெளிவந்தபோது அந்தப் புள்ளியைக் காணவில்லை. அழுக்கு என்று எண்ணி அச்சில் நீக்கிவிட்டார்கள் என்பது இத்துறையில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

உப்பால் ஏன் முடியவில்லை?

விடை படிகத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. உப்பில் ஒரு சோடியம் அயனியிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் சென்றாலும் அங்கே எது இருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் அதே தூரத்திலும் அதுவே இருக்கும். இத்தகைய நடுப்புள்ளியைச் சமச்சீர் மையம் என்கிறோம்.

சமச்சீர் மையமுள்ள படிகத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே. மின்புலத்தின் திசையை மாற்றினால் எலக்ட்ரானின் இடப்பெயர்ச்சியும் அப்படியே திசை மாற வேண்டும். ஆனால் வர்க்கம் குறி மாறாது. 2இன் வர்க்கமும் 4, கழித்தல் 2இன் வர்க்கமும் 4. ஆகவே அத்தகைய படிகத்தில் வர்க்கப் பகுதி சுழியாக இருந்தே தீர வேண்டும். இரண்டாம் சீரிசை தோன்றாது.

மாணவர்களுக்கு இதை ஊஞ்சல் வழியாகச் சொல்லலாம். திறந்த வெளியில் கட்டிய ஊஞ்சல் இருபுறமும் ஒரே அளவு போகும். அதுவே புளியமரத்தில் கட்டியிருந்து, ஒரு பக்கம் போகும்போது மட்டும் கயிறு தாழ்ந்த கிளையில் தட்டினால், அந்தப் பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் நீளமாகவும் ஆடும். இருபுறமும் சமமாக இல்லாத ஆட்டத்தில்தான் இரட்டை அதிர்வெண் பிறக்கும். சமச்சீர் மையம் இல்லாத படிகத்தில் எலக்ட்ரானின் நிலை இந்தப் புளியமரத்து ஊஞ்சலைப் போன்றது.

சர்க்கரை மூலக்கூறு வலக்கை உறையைப் போன்றது. அதன் கண்ணாடி பிம்பம் இடக்கை உறை. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. இயற்கை தரும் சர்க்கரையில் ஒரே வகைக் கை மட்டுமே உண்டு. வலக்கை உறைகளை மட்டும் வைத்து எப்படி அடுக்கினாலும் சமச்சீர் மையம் வராது; மையத்தின் மறுபக்கத்துக்கு இடக்கை உறை தேவைப்படும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும், புரதங்களில் உள்ள பெரும்பாலான அமினோ அமிலங்களும் இவ்வாறே ஒரே கை கொண்டவை. எனவே இவற்றின் படிகங்கள் இந்த ஆய்வுக்கு இயல்பாகவே ஏற்றவை. யூரியா மூலக்கூறுக்கு அத்தகைய கை இல்லை. ஆனாலும் அது படிகத்தில் அடுக்கப்படும் விதத்தில் சமச்சீர் மையம் இல்லாமல் போகிறது.

மூலக்கூறு சிறப்பாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பாரா நைட்ரோ அனிலின் நல்ல சான்று. அதன் ஒரு முனை எலக்ட்ரானைத் தள்ளும், மறுமுனை இழுக்கும். தனி மூலக்கூறாக ஒளிக்கு மிக வலிமையாக இசைந்து கொடுக்கும். ஆனால் படிகமாகும்போது மூலக்கூறுகள் எதிரெதிராகப் படுத்துக்கொள்கின்றன. ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. அதே மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து 2-மெத்தில்-4-நைட்ரோ அனிலின் ஆக்கினால் அடுக்கு முறை மாறி, வலிமையான இரண்டாம் சீரிசை கிடைக்கிறது.

கரிமப் படிகங்களின் பலமும் பலவீனமும்

கரிம மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் ஒன்றுவிட்டு ஒன்றான இரட்டைப் பிணைப்புகளின் வழியே பரவி நிற்கின்றன. ஒளியின் புலத்துக்கு அவை எளிதாகவும் விரைவாகவும் அசையும். மேலும், வேதியியலார் ஒரு தொகுதியை எடுத்து மற்றொன்றைப் பொருத்தி மூலக்கூறைத் தேவைக்கேற்ப வடிவமைக்கலாம். அதே சமயம் இந்த மூலக்கூறுகளைப் படிகத்தில் பிடித்து வைத்திருப்பவை வலிமை குறைந்த விசைகள். ஆகவே இப்படிகங்கள் மென்மையானவை. பல குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். யூரியா 133 டிகிரி செல்சியஸில் உருகும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும்.

இரண்டின் நன்மையையும் சேர்க்க ஒரு வழி, கரிம மூலக்கூறை ஒரு கனிம அமிலத்துடன் உப்பாக்குவது. 1983இல் சீனாவின் ஷாண்டாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் பாஸ்பாரிக் அமிலத்துடன் சேர்த்து எல்-அர்ஜினின் பாஸ்பேட் படிகத்தை அறிமுகப்படுத்தினார்கள். அதன்பின் உலகெங்கும் அமினோ அமிலப் படிகங்கள்மீது ஆர்வம் பெருகியது. தமிழ்நாட்டு ஆய்வகங்களும் அதில் பெரிய அளவில் இறங்கின.

தமிழ்நாட்டில் படிக வளர்ப்பு

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982இல் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தெடுத்த பேராசிரியர் பி. ராமசாமியின் பெயர் இன்று ஒரு படிக வளர்ப்பு முறையிலேயே இருக்கிறது.

கரைசலிலிருந்து படிகம் வளர்க்கும் எளிய முறை மெதுவாக ஆவியாக்குதல். பொருளின் கரைதிறனைப் பல வெப்பநிலைகளில் அளந்து, தெவிட்டிய கரைசல் தயாரித்து, வடிகட்டி, துளையிட்ட மூடியால் மூடி, அசையாமல் வைக்கிறார்கள். நீர் மெல்ல ஆவியாக, கரைசல் அதிதெவிட்டிய நிலைக்குப் போகிறது. முதலில் சிறு படிகங்கள் தோன்றும். அவற்றுள் தெளிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து விதைப் படிகமாகப் புதிய கரைசலில் தொங்கவிடுகிறார்கள். பதநீர்ப் பாகை நூல் கட்டிய கலத்தில் ஊற்றிப் பல வாரங்கள் அசைக்காமல் வைத்துப் பனங்கற்கண்டு எடுப்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். அங்கே நூலைப் பற்றிப் பல படிகங்கள் முளைக்கின்றன. இங்கே ஒன்றே ஒன்று வளர வேண்டும்.

வெப்பநிலை நிலையாக இருப்பது மிக முக்கியம். நம் ஊர்ப் பகல் வெயிலில் கரைசல் சூடேறினால் வளர்ந்த படிகத்தின் ஒரு பகுதி மீண்டும் கரையும். இரவில் ஆறும்போது அவசரமாக வளர்ந்து உள்ளே கரைசலையே சிறைப்பிடிக்கும். அந்த இடம் பால்போல் வெளுத்துவிடும். ஆய்வகங்களில் இதற்காகவே வெப்பநிலையை டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டுப்படுத்தும் நீர்த்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள்.

சாதாரண முறையில் படிகம் எல்லாப் பக்கமும் வளரும். ஒளியியல் கருவிக்கோ ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய துண்டுதான் வேண்டும், மீதி வீணாகும். 2005இல் கே. சங்கரநாராயணனும் பி. ராமசாமியும் பென்சோபீனோன் என்ற கரிமப் படிகத்தை வளர்த்து இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வேண்டிய திசை மேல்நோக்கி இருக்குமாறு பொருத்தி, கரைசலை ஊற்றுகிறார்கள். குழாயின் மேற்பகுதியைச் சுற்றிய வளையச் சூடேற்றி அங்கு மட்டும் ஆவியாதலைக் கூட்டுகிறது. கரைபொருள் கீழே விதைமீது படிய, படிகம் குழாயின் வடிவிலேயே ஒரே திசையில் உயர்ந்து வருகிறது. சங்கரநாராயணன்-ராமசாமி முறை என்ற பெயரில் இது இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கண்ணாடிக் குழாய், சூடேற்றி, வெப்பநிலைக் கட்டுப்பாடு, பொறுமை ஆகியவையே இதன் முதன்மைத் தேவைகள். வசதி குறைந்த கல்லூரிகளிலும் இந்த ஆய்வு வேரூன்றியதற்கு இந்த எளிமை ஒரு காரணம்.

வளர்ந்தது எது என்று எப்படித் தெரியும்?

பளபளப்பான படிகம் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது.

*அணுக்கள் எங்கே இருக்கின்றன?* எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு படிகத்தின் அலகுக்கூட்டின் நீளங்களையும் கோணங்களையும், அணுக்களின் இருப்பிடத்தையும் தருகிறது. சமச்சீர் மையம் உண்டா இல்லையா என்பதும் இதில் தெரியும்.

*எந்தத் தொகுதிகள் உள்ளன?* அகச்சிவப்பு நிறமாலை வேதிப் பிணைப்புகளின் அதிர்வுகளைக் காட்டுகிறது.

*எந்த ஒளியைக் கடத்தும்?* பச்சை ஒளியை உண்டாக்கும் படிகம் அந்தப் பச்சையைத் தானே உறிஞ்சிவிட்டால் பயனில்லை. புறஊதா, கண்ணுறு ஒளி நிறமாலையில் இதைப் பார்க்கிறார்கள்.

*எவ்வளவு வெப்பமும் அழுத்தமும் தாங்கும்?* வெப்பப் பகுப்பாய்வும் விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனையும் இதைச் சொல்லும்.

*நிறத்தை மாற்றுகிறதா?* 1968இல் குர்ட்ஸ், பெர்ரி இருவரும் வகுத்த தூள் முறை இதற்கு உதவுகிறது. படிகத்தைப் பொடித்து, சலித்து, 1064 நானோமீட்டர் லேசரைச் செலுத்தி, வெளிவரும் 532 நானோமீட்டர் ஒளியை அளந்து, யூரியா அல்லது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் தூளுடன் ஒப்பிடுகிறார்கள். தூளின் துகள் அளவு மாறினால் விடையும் மாறும்; ஆகவே இரண்டு தூளும் ஒரே அளவில் சலிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவற்றுள் முதல் கேள்வியைத் தாண்டிச் செல்லும்போது பெரிய தவறு நேர்கிறது. கிளைசின் என்ற எளிய அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நீரில் மட்டும் கரைத்துப் படிகமாக்கினால் பொதுவாக ஆல்ஃபா வடிவம் கிடைக்கும். அதற்குச் சமச்சீர் மையம் உண்டு, இரண்டாம் சீரிசை வராது. கரைசலில் சாதாரண உப்பைச் சேர்த்தால் காமா வடிவம் வளரும். அதற்குச் சமச்சீர் மையம் இல்லை, பச்சை ஒளி வரும். உப்பு படிகத்துக்குள் போகவில்லை. கிளைசின் அடுக்கப்படும் விதத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளியே நின்றுவிட்டது. எக்ஸ் கதிர்ச் சோதனையைச் சரியாகப் பார்க்காதவர், "கிளைசினும் உப்பும் போட்டேன், பச்சை ஒளி வந்தது, ஆகவே இது கிளைசின் சோடியம் குளோரைடு என்ற புதுப் படிகம்" என்று பெயர் சூட்டிவிடுவார்.

இது வெறும் கற்பனை ஆபத்தன்று. அமினோ அமிலப் படிகங்களைப் பற்றி மிஷேல் ஃப்ளெக், ஆரம் பெட்ரோசியான் என்ற ஆய்வாளர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், புதியவை என்று பல நாடுகளிலிருந்தும் அறிவிக்கப்பட்ட படிகங்கள் சில உண்மையில் பழைய பொருள்களே என்று சுட்டிக்காட்டினார்கள். குவளையில் போட்டதெல்லாம் படிகத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்ததே இத்தகைய பிழையின் வேர்.

இந்தப் பழக்கம் ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. செய்முறை ஏட்டில் சோதனை செய்யுமுன்பே "காண்பன", "அறிவன" பத்திகளை நிரப்பிவிடும் நாளில் தொடங்குகிறது.

வகுப்பறையில் செய்து பார்க்க

*தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு:* உப்பு, சர்க்கரை, படிகாரம் மூன்றுக்கும் தனித்தனியே தெவிட்டிய கரைசல் செய்து, தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சில நாள்களில் தோன்றும் படிகங்களைக் கைவில்லையால் பார்த்து வரையச் சொல்லுங்கள். உப்பு கனசதுரம், படிகாரம் எட்டு முகம் கொண்டது, சர்க்கரை சாய்ந்த முகங்களுடன் இருக்கும். பின்னர் பெயரெழுதாத தட்டுகளைக் கொடுத்து வடிவத்தை வைத்தே அடையாளம் காணச் செய்யுங்கள். சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பது விதி.

*உயர்நிலை வகுப்புகளுக்கு:* உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினித் திரையை வெள்ளையாக வையுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி தளவிளைவுற்றது. போலராய்டு குளிர்கண்ணாடியையோ, பழுதான கால்குலேட்டரிலிருந்து எடுத்த போலராய்டு தாளையோ திரைமுன் பிடித்து, இருளாகும்வரை திருப்புங்கள். திரைக்கும் தாளுக்கும் இடையே தெளிவான சிறு உப்புப் படிகத்தை வைத்தால் இருள் அப்படியே இருக்கும். டைமண்ட் கற்கண்டை வைத்துத் திருப்பினால் அது ஒளிரும். படிகங்களைக் கண்ணாடிச் சில்லில் வையுங்கள். பிளாஸ்டிக் தானே நிறம் காட்டிக் குழப்பும். கடையில் வாங்கும் கல்லுப்பு கலங்கலாக இருப்பதால் ஒளியைச் சிதறடிக்கும். வகுப்பில் வளர்த்த தெளிவான உப்பே நல்லது.

இங்கே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "கற்கண்டு ஒளிர்ந்ததால் அதற்குச் சமச்சீர் மையம் இல்லை என்று சொல்லலாமா?" சொல்லக் கூடாது. படிகத்தின் பண்பு திசைக்குத் திசை மாறுகிறது என்பதை மட்டுமே இச்சோதனை காட்டுகிறது. சமச்சீர் மையமுள்ள கால்சைட்டும் இதே சோதனையில் ஒளிரும். ஒரு சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிய இது நல்ல வாய்ப்பு.

*மேல்நிலை வகுப்புகளுக்கு:* 100 மில்லி வாலை வடிநீரைச் சூடாக்கி, 30 கிராம் படிகாரமும் 5 கிராம் உப்பும் கரைத்து, வடிகட்டி, மெல்ல ஆறவிடுங்கள். "என்ன படிகம் வரும்?" என்று முதலில் எழுதி வாங்குங்கள். உப்பும் படிகாரமும் கலந்த ஒன்று என்று பலர் எழுதக்கூடும். வரும் படிகங்களின் வடிவத்தைப் பாருங்கள். ஒன்றை எடுத்துக் குளிர்ந்த வாலை வடிநீரில் விரைவாக அலசி, உலர்த்தி, சிறிதளவை மீண்டும் வாலை வடிநீரில் நீர்த்த கரைசலாக்கி, வெள்ளி நைட்ரேட் சோதனை செய்யுங்கள். தாய்க்கரைசலில் ஒரு துளியையும் அவ்வாறே நீர்த்துச் சோதியுங்கள். தாய்க்கரைசலில் தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு வரும்; அலசிய படிகத்தில் வராது, அல்லது மிக மெல்லிய கலங்கல் மட்டுமே தெரியும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரைடே விடையைக் கெடுத்துவிடும். வெள்ளி நைட்ரேட்டை ஆசிரியரே கையாள்வது நல்லது.

லேசர் சுட்டியைக் கொண்டு இரண்டாம் சீரிசையை வகுப்பில் காட்ட முயல வேண்டாம். அதற்கு வேண்டிய ஒளிச்செறிவு அதில் இல்லை. மேலும், மலிவான பச்சைச் சுட்டிகள் சிலவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசிவதால் விழிக்குக் கேடு.

இந்தச் செயல்பாடுகளுக்கு ஏட்டில் நான்கு தலைப்புகள் போதும்: கரைசலில் போட்டவை எவை; என்ன வரும் என்று நினைத்தேன்; என்ன வந்தது; அது இன்னதுதான் என்று எந்தச் சோதனையால் சொல்கிறேன். இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் மாறுபட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். நான்காம் பத்தி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுங்கள்.